அந்தப் பழைய பெட்டி பிளாக்கில் அப்படி என்னதான் இருக்கிறது? கல்லூரி வளாகங்களின் நவீனத்துவக் கட்டடங்கள் பற்றி ஓர் எளிய விளக்கம்

ஏதோ ஒரு கல்லூரியில் பழைய கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள் என்று முன்னாள் மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் தகவல் வந்தால், நாகர்கோவில் பக்கத்து ஆட்கள் முதலில் கேட்பது "எந்த பிளாக்?" என்றுதான். வெள்ளைக்காரர் காலத்துக் கல் கட்டடம், வளைவு வைத்த வராந்தா, ஓட்டுக்கூரை என்றால் அன்றைக்கு முழுக்கப் பழைய போட்டோக்களாக வந்து விழும். அதுவே 1960களிலோ 70களிலோ கட்டிய தட்டைக்கூரை பிளாக் என்றால், "அதுவா, ஒழுகிக்கிட்டுக் கிடக்குற பெட்டிதானே, போகட்டும்" என்று பேச்சு முடிந்துவிடும்.

இந்தக் கட்டுரை அந்தப் பெட்டியைப் பற்றியது. எல்லாவற்றையும் காப்பாற்ற வேண்டும் என்று வாதாட வரவில்லை, சிலவற்றை இடிப்பதே மேல். ஆனால் உள்ளே என்ன யோசனை இருக்கிறது என்று தெரியாமலே ஒரு கட்டடத்தைக் கழித்துக்கட்டுகிறோமே, அதுதான் உறுத்துகிறது. கட்டடக்கலை படிக்காதவர்களுக்காக அடியிலிருந்தே சொல்கிறேன்.

## குழப்பம் எங்கே தொடங்குகிறது

நவீனத்துவக் கட்டடம் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது கண்ணாடி முகப்பு வைத்த ஜவுளிக்கடை, அலுமினியத் தகடு ஒட்டிய மருத்துவமனை. அவை புதிய கட்டடங்கள், அவ்வளவுதான். நவீனத்துவம் என்பது ஒரு குறிப்பிட்ட காலத்து அணுகுமுறை. 1920களில் ஐரோப்பாவில் உருவெடுத்து, சுதந்திரத்துக்குப் பிறகு இந்தியாவின் அரசு அலுவலகங்களிலும் கல்வி நிறுவனங்களிலும் வேரூன்றியது. அலங்காரத்தைக் குறைத்துவிட்டு, இந்தக் கட்டடம் எதற்காக, என்ன பொருளால், எந்த வெயிலில் நிற்கப்போகிறது என்ற கேள்விகளிலிருந்து வடிவத்தைத் தேடியது. அந்தக் கணக்கில் சென்னை அண்ணா சாலையில் 1959-இல் திறந்த எல்.ஐ.சி. கட்டடம் நவீனத்துவம், போன வருஷம் திறந்த மால் பெரும்பாலும் இல்லை.

இரண்டாவது குழப்பம் 'முக்கியமான கட்டடம்' என்பதில். நூறு வருஷம் ஆகியிருக்க வேண்டும், பார்க்க அழகாக இருக்க வேண்டும், பெரிய பெயர் உள்ள ஒருவர் வரைந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறோம். இவை உதவும், ஆனால் மையம் வேறு. ஒரு கட்டடம் தன் காலத்தின் ஒரு சிக்கலை எவ்வளவு புத்திசாலித்தனமாகத் தீர்த்தது, அந்தத் தீர்வை நாம் இன்றும் படித்துத் தெரிந்துகொள்ள முடிகிறதா என்பதுதான் கட்டடக்கலை முக்கியத்துவம். என்ன சிக்கல், என்ன தீர்வு என்று பார்க்க ஒரு பந்தலுக்குப் போவோம்.

## பந்தல் கற்றுத்தரும் பாடம்

நம் பழைய ஓட்டு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஓடு, கழுக்கோல், உத்தரம் எல்லாவற்றின் எடையும் சுவரில் இறங்குகிறது. அதனால் சுவர் தடிமனாக இருக்கும், அதில் பெரிய ஜன்னல் திறக்கப் பயமாக இருக்கும், அறைகளுக்கு நடுவில் இருக்கும் சுவரை எடுத்துவிட்டு ஹாலைப் பெரிதாக்கலாம் என்றால் கொத்தனார் தலையை ஆட்டுவார். இதற்குப் பெயர் சுமைதாங்கு சுவர்.

கல்யாணப் பந்தல் அப்படியில்லை. நான்கைந்து வரிசை கால் நட்டு, மேலே குறுக்குக் கம்புகள் கட்டினால் பந்தல் நின்றுவிட்டது. சுற்றிலும் துணி கட்டலாம், ஓலைத்தட்டி வைக்கலாம், ஒரு பக்கம் முழுக்கத் திறந்தே விடலாம், சாப்பாட்டுப் பந்திக்காகத் தட்டியை நான்கு கால் தள்ளி வைக்கலாம். பந்தலுக்கு ஒன்றும் ஆகாது, ஏனென்றால் தட்டி எதையும் சுமக்கவில்லை. சுமப்பது கால்கள் மட்டும்தான்.

நவீனத்துவக் கட்டடங்களில் பெரும்பாலானவை கான்கிரீட்டால் போட்ட பந்தல்கள். தூணும் உத்தரமும் சேர்ந்த எலும்புக்கூடு எடையைத் தாங்க, சுவர் வெறும் மறைப்பாகிவிடுகிறது. இதைச் சட்டகக் கட்டுமானம் என்பார்கள், சைட்டில் 'ஃபிரேம் ஸ்ட்ரக்சர்'. இன்று நம் தெருவில் கட்டும் இரண்டு மாடி வீடுகூட இப்படித்தான், அதனால் இதில் என்ன அதிசயம் என்று தோன்றும். சுவருக்குச் சுமையிலிருந்து விடுதலை கிடைத்த அந்த முதல் தலைமுறைக் கட்டடங்கள் அந்த விடுதலையை வைத்து என்ன செய்தன என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

## கம்பி இல்லாமல் கான்கிரீட் ஏன் ஒன்றுமில்லை

கான்கிரீட்டை அழுத்தினால் தாங்கும், இழுத்தால் உடையும். இரண்டு முனையில் தாங்கி வைத்த ஓர் உத்தரத்தின் மேல் எடை வைத்தால் அது லேசாக வளையும். வளையும்போது மேல்பாதி நசுங்கும், கீழ்பாதி இழுபடும். மேல்பாதியைக் கான்கிரீட் பார்த்துக்கொள்ளும், கீழ்பாதியில் விரிசல் விழும். அங்கேதான் இரும்புக் கம்பி வைக்கிறார்கள், இழுவையைக் கம்பி வாங்கிக்கொள்கிறது. இதுதான் ஆர்.சி.சி., கம்பி வைத்த கான்கிரீட். இரும்பும் கான்கிரீட்டும் சூட்டில் ஏறத்தாழ ஒரே அளவில் விரிவது நமக்குக் கிடைத்த அதிர்ஷ்டம், இல்லாவிட்டால் மாசி பங்குனி வெயிலிலேயே இரண்டும் பிரிந்துபோயிருக்கும்.

இந்தப் பொருள் வந்தபின் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் என்னென்ன சாத்தியமாயிற்று என்பதற்கு 1966-இல் முடிந்த மாத்தூர் தொட்டிப்பாலத்தைப் பார்த்தால் போதும். நூறடிக்கு மேல் உயரத்தில் ஒரு பள்ளத்தாக்கைத் தாண்டித் தண்ணீர் போகிறது. அது கட்டடக்கலை இல்லை, பொறியியல், இருந்தாலும் அந்தத் தலைமுறையின் துணிச்சல் தெரியும். அப்போது சிமென்ட் இஷ்டத்துக்குக் கிடைக்கும் பொருளும் இல்லை. அரசுக் கட்டுப்பாட்டில் இருந்தது, 1982-இல்தான் கட்டுப்பாடு ஓரளவு தளர்ந்தது. அந்தக் காலத்துக் கட்டடங்களில் தூண் ஒல்லியாகவும் சன்ஷேட் மெல்லியதாகவும் இருப்பதற்கு அழகு மட்டும் காரணமில்லை, மூட்டைக் கணக்கும்தான்.

இதுவரை பார்த்தது இவ்வளவு: எடையைச் சட்டகம் தாங்குகிறது, சட்டகத்தில் அழுத்தத்தைக் கான்கிரீட்டும் இழுவையைக் கம்பியும் பிரித்துக்கொள்கின்றன, சுவர் சும்மா நிற்கிறது. சும்மா நிற்கும் சுவருக்கு வேறு வேலை கொடுக்கலாம்.

## சுவருக்குக் கிடைத்த புது வேலை: வெயிலோடு பேசுவது

ஐரோப்பியர்கள் விடுதலையான சுவரில் பெரிய கண்ணாடி வைத்தார்கள், அவர்களுக்கு வெயில் வேண்டும். அதை அப்படியே இங்கே கொண்டுவந்தால் வகுப்பறை அடுப்பாகிவிடும். வெப்பநாட்டு நவீனத்துவம் என்று தனியாகச் சொல்லும் அளவுக்கு ஒரு கிளை வளர்ந்தது இதனால்தான், 1954-இல் லண்டனில் இதற்கென்றே ஒரு படிப்பைத் தொடங்கினார்கள். நம் வளாகக் கட்டடங்களைப் புரிந்துகொள்ள இந்தப் பகுதிதான் சாவி, அதனால் இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

கன்னியாகுமரி மாவட்டம் நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ 8 டிகிரி வடக்கே இருக்கிறது. அதனால் சூரியன் வருஷத்தில் இரண்டு முறை, ஏப்ரல் நடுவாக்கிலும் ஆகஸ்ட் கடைசியிலும், நண்பகலில் நேர் உச்சிக்கு வருகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும், மற்ற மாதங்களில் தெற்கே. தெற்கே மிகவும் சாய்வது டிசம்பரில், அப்போதும் நண்பகலில் 58 டிகிரி உயரத்துக்குக் குறையாது. இந்த எண்ணைச் சன்ஷேட் கணக்காக மாற்றினால், தெற்குச் சுவரில் 3 அடி நீட்டிய ஒரு சன்ஷேட் டிசம்பர் நண்பகலில் தனக்குக் கீழே கிட்டத்தட்ட 5 அடிக்கு நிழல் தரும், அதாவது ஒரு முழு ஜன்னலுக்கு. வடக்குச் சுவரில் ஜூன் மாதத்துக்கு அதே 3 அடி போதும், சுவர் முழுக்கவே நிழல்.

கிழக்கும் மேற்கும் வேறு கதை. காலை எட்டு மணி வாக்கில் சூரியன் 25, 30 டிகிரி உயரத்தில்தான் இருக்கும், அதே 3 அடி சன்ஷேட் அப்போது இரண்டடிகூட மறைக்காது. மாலையில் மேற்கிலும் இதே நிலைதான், கூடவே பகல் முழுக்கச் சுவரில் ஏறிய சூடும் சேர்ந்துகொள்ளும்.

இதிலிருந்து வடிவம் தானாக வருகிறது. கட்டடத்தைக் கிழக்கு மேற்காக நீளமாகப் போடு, வகுப்பறை ஜன்னல்கள் வடக்கும் தெற்கும் பார்க்கட்டும், அவற்றுக்கு மேல் நீளமான சன்ஷேட் ஓடட்டும். கிழக்கு மேற்கு முனைகளில் ஜன்னல் வேண்டாம், மாடிப்படி, கழிப்பறை, பழைய நாற்காலி போடும் அறை இவற்றை வை. முனையில் திறப்பு வைத்தே ஆகவேண்டும் என்றால், சாய்த்து நிறுத்திய செங்குத்துக் கான்கிரீட் பலகைகளால் வெயிலை மறி. அந்தப் பலகைகளை 'ஃபின்' என்பார்கள். நீங்கள் படித்த கல்லூரியின் ஏதாவது ஒரு பிளாக் நீளமான தீப்பெட்டி மாதிரி, இரண்டு முனையும் மொட்டைச் சுவராக, நடுவில் வரிவரியாகச் சன்ஷேட்டோடு இருந்ததா? வரைந்தவருக்குக் கற்பனை வறட்சி என்று நினைத்திருப்பீர்கள், உண்மையில் அவர் சூரியனின் பாதையைப் பார்த்து வரைந்திருக்கிறார்.

இதன் உச்சத்தைப் பார்க்க விரும்பினால் புதுச்சேரிக்குப் போகலாம். அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதி 1930களின் பின்பாதியில் தொடங்கியது, வடிவமைத்தவர் ஜப்பானில் வேலை செய்துகொண்டிருந்த அன்டோனின் ரேமண்ட், சைட்டில் நின்று பார்த்தவர்களில் ஒருவர் ஜார்ஜ் நகாஷிமா. வடக்கும் தெற்கும் பார்த்த நீண்ட முகப்பு முழுக்கச் சுவரே இல்லை, திருப்பி மூடித் திறக்கும் கிடைப்பலகைகள்தான். பந்தல் தட்டியின் கடைசி வளர்ச்சி என்று எனக்குத் தோன்றும்.

## காற்றும் மழையும்

வெயிலை மறைத்தால் மட்டும் போதாது, நம் ஊர்ப் புழுக்கத்தில் காற்று ஓட வேண்டும். காற்று மோதும் பக்கத்தில் அழுத்தம் கூடும், மறுபக்கத்தில் குறையும். அறையின் இரு எதிர்ப் பக்கங்களிலும் திறப்பு இருந்தால் காற்று உள்ளே புகுந்து மறுபக்கம் போகும். இதுதான் குறுக்குக் காற்றோட்டம். ஒரு பக்கம் மட்டும் ஜன்னல் வைத்த அறையில் காற்று வாசலில் நின்று எட்டிப்பார்த்துவிட்டுப் போய்விடும்.

பழைய கல்லூரி பிளாக்குகளில் வராந்தா ஒரு பக்கம், வகுப்பறை ஒரு பக்கம் என்று இருப்பது இதனால்தான். நடுவில் நடைபாதை, இரண்டு பக்கமும் அறை என்று போட்டால் இடம் மிச்சமாகும், சிமென்டும் மிச்சமாகும், ஆனால் காற்று செத்துவிடும். காசுக்குத் தட்டுப்பாடு இருந்த காலத்திலும் ஒற்றைப் பக்க வராந்தாவைக் கைவிடாமல் இருந்ததை நான் பெரிய விஷயமாகவே நினைக்கிறேன். இந்த வராந்தா மழைக்கும் உதவும். ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் வாங்கும் ஊரில், சாரலை ஆறேழு அடி தள்ளி நிறுத்திவிட்டு ஜன்னலைத் திறந்தே வைத்துப் பாடம் நடத்த முடியும்.

நம் மாவட்டத்தில் இதில் ஒரு சிக்கலும் உண்டு. வெயில் கணக்கு மேற்கை மூடச் சொல்கிறது, ஆனால் தென்மேற்குப் பருவக்காற்று மேற்குப் பக்கமிருந்துதான் வருகிறது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக அது பாயும் வேகத்துக்கு முப்பந்தல் காற்றாலைகளே சாட்சி. மேற்கை மூடினால் காற்று போச்சு, திறந்தால் மாலை வெயில் உள்ளே. இந்த இழுபறிக்குத்தான் ஜாலி வந்தது. சுவரில் ஒழுங்காக விட்ட துளைகள், செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கியோ, அச்சில் வார்த்த சிமென்ட் துண்டுகளைப் பதித்தோ செய்வது. ஒவ்வொரு துளையும் தன் ஆழத்தாலேயே தனக்கொரு சன்ஷேட். வெயில் உள்ளே வராது, காற்று வரும், கண்கூசாத வெளிச்சமும் வரும். மாடிப்படி ஓரத்தில் அழுக்கடைந்து புறா அடைந்து கிடக்கும் அந்தச் சிமென்ட் ஜாலி வேலைக்காரச் சுவர். அதில் பிளைவுட் அடித்து மூடிவிட்டு உள்ளே ஃபேன் மாட்டியிருப்பதையும் பார்க்கிறோம், என்ன சொல்ல.

ஜாலியின் தத்துவம் நமக்குப் புதிதும் இல்லை. பத்மநாபபுரம் அரண்மனையின் மரச்சட்டப் பலகணிகள் செய்வது இதே வேலையைத்தான்: வெளியே பிரகாசம், உள்ளே குளிர்ந்த அரையிருட்டு, நடுவில் காற்று. நவீனத்துவம் மேல்நாட்டிலிருந்து வந்து இறங்கிய சரக்கு என்று ஒரேயடியாகச் சொல்பவர்கள் ஒருமுறை தக்கலைப் பக்கம் போய்வரலாம்.

இங்கேயும் சுருக்கமாக ஒரு வார்த்தை: நீண்ட வடிவம், மொட்டை முனைகள், சன்ஷேட் வரிகள், ஒற்றை வராந்தா, ஜாலி. இவை ஸ்டைல் இல்லை. சூரியன், காற்று, மழை, காசு என்ற நான்கின் கணக்கு.

## ஏன் பல்கலைக்கழகங்களில் இவ்வளவு?

ஸ்காட் கிறித்தவக் கல்லூரி 1893, தென்திருவிதாங்கூர் இந்துக் கல்லூரி 1952. நாகர்கோவிலின் இந்த இரண்டு ஆண்டுகளுக்கு நடுவில் நாடே மாறிவிட்டது. சுதந்திரத்துக்குப் பின் ஏராளமான மாணவர்களுக்கு, அதிலும் வீட்டிலேயே முதன்முதலாகக் கல்லூரிக்கு வருகிறவர்களுக்கு, குறைந்த செலவில் சீக்கிரமாக இடம் வேண்டியிருந்தது. ஒரே அளவு இடைவெளியில் தூண் வைத்து, ஒரே அளவு அறைகளை அடுக்கிக்கொண்டே போகும் முறை அதற்குத் தோதாக இருந்தது. அரண்மனை வாசலோ கோபுரமோ கோதிக் வளைவோ இல்லாமல், யாருடைய சாதியையும் சாமியையும் நெற்றியில் ஒட்டாமல் நிற்கும் கட்டடம் அந்தக் காலத்து அரசுக்குப் பிடித்திருந்ததிலும் அர்த்தம் இருக்கிறது.

வாத்தியார் சிஷ்யர் பரம்பரையும் ஒரு காரணம். ஜெர்மனியில் பௌஹவுஸ் என்ற கலைப்பள்ளியைத் தொடங்கி, 1926-இல் டெஸ்ஸாவ் நகரில் அதன் கட்டடத்தையும் வடிவமைத்த வால்டர் குரோப்பியஸ் பிறகு ஹார்வர்டு போனார். 1940களில் அங்கே அவரிடம் படித்தவர் கொங்கணத்துக்காரரான அச்யுத் கான்விந்தே. அவர்தான் 1960களில் ஐ.ஐ.டி. கான்பூரை வடிவமைத்தார். கான்கிரீட் சட்டகம், நடுவில் பூசாத செங்கல், ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்கு வெயில்படாமல் போக உயர்த்திக் கட்டிய நடைபாதைகள். சட்டகம் எது, நிரப்பு எது என்று பார்த்தவுடன் தெரியும், பந்தலின் காலும் தட்டியும் தனித்தனியாகத் தெரிவது போலவே.

அகமதாபாத்தின் ஐ.ஐ.எம். இன்னொரு வகை. 1962-இல் அமெரிக்கரான லூயி கானிடம் அந்த வேலை வந்தது, இங்கே உடன் நின்றவர் பி.வி. தோஷி. கான் பந்தல் முறைக்குப் போகவில்லை, செங்கல்லையே சுமக்க வைத்தார். செங்கல் வளைவு இரண்டு பக்கமும் வெளியே தள்ளும், அந்தத் தள்ளலைப் பிடிக்க வளைவின் அடியில் ஒரு கான்கிரீட் கட்டை வைத்தார். இழுவைக்குக் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி, அழுத்தத்துக்குச் செங்கல். யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று சுவரிலேயே எழுதி வைத்தது போல. வகுப்பறைக்கு வெளியே இருக்கும் நடைகளையும் முற்றங்களையும் படிப்பின் ஒரு பாகமாகவே அவர் வரைந்தார். நம்மில் பலரும் பாடத்தைவிட வராந்தாவில்தான் அதிகம் கற்றோம், அதனால் இது புரிந்துகொள்ளக் கஷ்டமான தத்துவம் இல்லை.

நமக்குப் பக்கத்திலேயே பார்க்க வேண்டும் என்றால் நாகர்கோவிலில் ரயிலேறித் திருவனந்தபுரம் போனால் போதும். 1970களின் தொடக்கத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கட்டிய வளர்ச்சி ஆய்வு மையத்தின் வளாகம் அங்கே இருக்கிறது. பூசாத செங்கல், சுவர் முழுக்க ஜாலி, மரத்தை வெட்டாமல் அதைச் சுற்றி வளைந்து போகும் சுவர்கள். பேக்கரை நவீனத்துவர் என்று சொல்லலாமா என்று கட்டடக்கலைக்காரர்கள் சண்டை போடுவார்கள். கான்கிரீட்டைக் கூடியவரை குறைத்தவர், உள்ளூர்க் கைவேலையை நம்பியவர். ஆனால் தேவையில்லாததைக் கழித்துவிட்டுப் பொருளைப் பொருளாகவே காட்டும் நேர்மையில் அவர் அந்தக் குடும்பம்தான் என்பது என் கட்சி.

உலகத்திலும் இவை மதிப்பு பெற்றிருக்கின்றன. பௌஹவுஸ் 1996-இலும், வெனிசுவேலாவின் கராகஸ் பல்கலைக்கழக நகரம் 2000-இலும், மெக்சிகோவின் தேசியப் பல்கலைக்கழக வளாகம் 2007-இலும் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்கள் ஆயின.

## பிறகு ஏன் பாதுகாப்பு இல்லை?

ஒரு காரணம் சட்டம். 1958-ஆம் ஆண்டின் தொல்சின்னங்கள் சட்டப்படி தேசிய அளவில் பாதுகாக்க ஒரு கட்டடத்துக்கு நூறு வயதாவது ஆகியிருக்க வேண்டும். 1965-இல் கட்டியது 2065 வரை காத்திருக்க வேண்டும், அதுவரை அதற்கு யார் பொறுப்பு? டெல்லி பிரகதி மைதானத்தில் ராஜ் ரேவால் வடிவமைத்து 1972-இல் திறந்த ஹால் ஆஃப் நேஷன்ஸ் என்ற கண்காட்சிக்கூடம் 2017-இல் ஒரே ராத்திரியில் இடிக்கப்பட்டது. அகமதாபாத் ஐ.ஐ.எம். 2020 டிசம்பரில், கானின் 18 விடுதிகளில் 14-ஐ இடிக்கப் போவதாகச் சொன்னது, உலகம் முழுக்க எதிர்ப்பு கிளம்பவே சில நாட்களில் பின்வாங்கியது, 2022-இல் கட்டடங்களின் நிலை மோசம் என்று மீண்டும் அதே பேச்சு வந்தது. இத்தனைக்கும் அதே வளாகத்தின் நூலகத்தை பிருந்தா சோமையாவின் குழு சீரமைத்து, 2019-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபு விருது வாங்கியிருந்தது.

இன்னொரு காரணம் நம் கண். சண்டிகரில் பஞ்சாப் பல்கலைக்கழகத்துக்கும் அரசு அலுவலகங்களுக்கும் பியர் ழான்னரே வடிவமைத்த தேக்கு நாற்காலிகளைப் பழைய சாமான் என்று ஏலம் விட்டார்கள். அதே நாற்காலிகள் பின்னால் வெளிநாட்டு ஏலக்கூடங்களில் லட்சக்கணக்கில் விலைபோயின. நாற்காலியாவது திரும்ப வாங்கலாம்.

## குறைகளையும் சொல்லிவிட வேண்டும்

இந்தக் கட்டடங்களைப் புகழ்பவர்கள் ஒழுகலைப் பற்றிப் பேசுவதில்லை, அது நேர்மையில்லை. கல்குளம், விளவங்கோடு பக்கம் பெய்கிற மழைக்குத் தட்டைக்கூரை சரியான பதில் இல்லை. சரிவு சரியாக விட்டு, சுண்ணாம்போடு செங்கல்தூள் (சுருக்கி) போட்டு, தட்டையான ஓடு பதித்து, வருஷாவருஷம் மழைக்கு முன்னால் தண்ணீர்க் குழாயில் அடைந்த இலையை எடுத்தால் தாங்கும். இலையை யாரும் எடுப்பதில்லை. அதனால் மேலே இரும்புச் சட்டம் நட்டு ஷீட் போடுகிறார்கள். அதைக் குற்றம் சொல்ல மாட்டேன், கூரைக்கு அது நல்ல குடை. கீழே வராந்தாவையும் அலுமினியம் கண்ணாடி வைத்து அடைத்து ஏ.சி. மாட்டுவதுதான் கட்டடத்தின் மூச்சை நிறுத்துகிறது.

பெரிய எதிரி துரு. நல்ல கான்கிரீட் காரத்தன்மை உள்ளது, அந்தக் காரம் கம்பியின் மேல் ஒரு மெல்லிய பாதுகாப்புப் படலத்தை உண்டாக்கி வைத்திருக்கும். காற்றில் உள்ள கரியமில வாயு வருஷக்கணக்கில் மெல்ல உள்ளே இறங்கி அந்தக் காரத்தைக் கெடுக்கும். கடலோரத்தில் உப்பு இன்னும் வேகமாக அந்தப் படலத்தை உடைக்கும். கம்பி துருப்பிடித்தால் ஊதும், துருவுக்கு இரும்பைவிடப் பல மடங்கு இடம் வேண்டும், அது கான்கிரீட்டை உள்ளிருந்து பிளந்து தள்ளும். சன்ஷேட்டின் அடியில் காரை விழுந்து கம்பி பல்லைக் காட்டுவது இப்படித்தான். கம்பிக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவே உள்ள கான்கிரீட்டின் தடிமனை 'கவர்' என்பார்கள். இன்றைய இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 கடலோரச் சூழலுக்கு 45 மில்லிமீட்டர் கேட்கிறது, அந்தக் காலத்து மெல்லிய சன்ஷேட்டுகள் பலவற்றில் இதில் பாதிகூட இருக்காது.

துருவின் மேல் சிமென்ட் பூசிப் பெயின்ட் அடிப்பது சீழைத் துடைக்காமல் கட்டுப்போடுவதுதான். தளர்ந்த கான்கிரீட்டைக் கொத்தி எடுத்து, கம்பியைச் சுத்தம் செய்து, தேவையானால் புதுக் கம்பி சேர்த்து, பழுதுபார்க்கும் கலவையால் நிரப்ப வேண்டும். காரம் போய்விட்டதா என்று பார்க்க எளிய வழி உண்டு: புதிதாக உடைத்த கான்கிரீட் பரப்பில் ஃபினாப்தலீன் தெளித்தால் காரம் உள்ள இடம் ரோஸ் நிறமாகும், போன இடம் அப்படியே இருக்கும். எந்தக் கல்லூரி வேதியியல் ஆய்வகத்திலும் அது ஒரு பாட்டில் இருக்கும், பக்கத்து பிளாக்கில்தான் இருக்கிறது நோயாளி.

## உங்கள் கல்லூரியைப் பார்க்கப் போனால்

எல்லாப் பெட்டியும் முக்கியமான பெட்டி ஆகிவிடாது. கிழக்கு மேற்கு பாராமல் ரோட்டைப் பார்த்து நிறுத்திய, நடுவில் இருட்டு நடைபாதை வைத்த, சன்ஷேட்டைப் பேருக்கு ஓரடி நீட்டிய பிளாக்குகளும் அதே காலத்தில் ஏராளமாகக் கட்டப்பட்டன. அவை போனால் எனக்கு வருத்தமில்லை.

பிரித்தறிய ஏப்ரல் மாதம் மதியம் இரண்டு மணிக்கு, ஃபேனை நிறுத்திவிட்டு, உள்ளே பத்து நிமிஷம் உட்காருங்கள். காற்று வருகிறதா, கரும்பலகையில் கண்கூசல் இருக்கிறதா, தரையில் வெயில் எவ்வளவு தூரம் விழுகிறது என்று பாருங்கள். மாடிப்படி எந்த முனையில் இருக்கிறது, ஏன் அங்கே இருக்கிறது என்று யோசியுங்கள். தூண்களுக்கு நடுவே உள்ள சுவரைத் தட்டிப்பாருங்கள், அது வெறும் தட்டியா என்று. மழை நாளில் வராந்தாவில் சாரல் எதுவரை நனைக்கிறது என்பதற்குத் தரையில் பாசிக்கோடே சாட்சியாக இருக்கும்.

இந்தத் தேர்வில் ஒரு கட்டடம் தேறினால், அடுத்த வேலை வரைபடம் தேடுவது. அந்தக் காலத்து நீலப் பிரதிகள் அலுவலகத்தில் ஏதாவது ஒரு பீரோவின் மேல்தட்டில் சுருட்டிக் கிடக்கும், பூச்சி அரித்திருக்கும். அனுமதி வாங்கி, நல்ல வெளிச்சத்தில் மொபைலிலேயே ஒவ்வொரு தாளையும் முழுசாகப் படமெடுத்து வையுங்கள், ஓரத்தில் இருக்கும் தேதியும் வரைந்தவர் கையெழுத்தும் சேர்ந்து தெரியும்படி. இடிப்பதா சீரமைப்பதா என்று கமிட்டி கூடும்போது மேஜையில் வைக்க ஏதாவது ஒன்று வேண்டுமே.